ரத்தத்தில் குறைந்ததை மனசில் தேடிய ஒன்றரை வருடம்

சைவச் சாப்பாடு சாப்பிடுகிற, நாளுக்கு நாலைந்து டீ குடிக்கிற, முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு எழுதுகிறேன். இரும்புச்சத்தும் வைட்டமின் பி12உம் குறைந்திருப்பது தெரியாமல் ஒன்றரை வருடம் நான் பட்ட பாட்டை எனக்கு முன்னால் யாராவது பட்டு, அதை எழுதியும் வைத்திருந்தால், எனக்கு நாற்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் மிஞ்சியிருக்கும். அதைவிடப் பெரிது, என் மகன் என் முகத்தைப் பார்த்துப் பயந்த அந்த மாதங்கள் வந்திருக்காது.

எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகு திருப்பூர். பின்னலாடை ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும் எட்டாம் வகுப்புப் படிக்கிற மகனும் மட்டும். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டுமே சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. அப்போது ஒரு நாளைக்கு நான் என்ன சாப்பிட்டேன் என்பதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. காலை ஐந்தரைக்கு ஒரு காபி. மகனுக்கு டிபன் கட்டி, வேன் ஏற்றிவிட்டு, எட்டரை மணிக்கு இரண்டு இட்லியை நின்றுகொண்டே விழுங்கிவிட்டுக் கிளம்புவேன். சில நாள் அதுவும் இல்லை. பதினோரு மணிக்கு ஆபீஸில் டீயும் இரண்டு பிஸ்கட்டும். மதியம் சாம்பார் சாதமோ தயிர் சாதமோ, கூட உருளைக்கிழங்கு வறுவல் அல்லது பீன்ஸ் பொரியல். டிபன் பாக்ஸை மூடுகிற நேரத்துக்குச் சரியாக டீக்கார அண்ணன் தட்டோடு வந்து நிற்பார், ஒரு டீ. நாலரைக்கு இன்னொன்று, கூட வடையோ பஜ்ஜியோ. வீட்டுக்கு வந்ததும் தலைவலிக்கு என்று ஒன்று. ராத்திரி தோசை, தக்காளிச் சட்னி. செவ்வாய், வெள்ளி விரதம் என்றால் மதியம் வரை டீ மட்டும்தான்.

இதில் குறை சொல்ல எதுவும் யாருக்கும் தெரியாது. திருப்பூரில் என்னைப் போல வேலைக்குப் போகிற பாதிப் பெண்களின் சாப்பாடு இதுதான். நான் பட்டினி கிடக்கவில்லை, எடையும் குறையவில்லை, சொல்லப்போனால் கூடத்தான் செய்தது. அதனால்தான் சாப்பாட்டின் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

முதலில் வந்தது அசதி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும் என்பது எல்லாருக்கும் உள்ளதுதான். எனக்கு வந்தது அது இல்லை. காலையில் எழுந்திருக்கும்போதே உடம்பு முடிந்துபோயிருக்கும். ஆபீஸ் இரண்டாவது மாடியில், ஏறி வந்து உட்கார்ந்தால் நெஞ்சு படபடப்பது அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். அப்புறம் முடி கொட்டியது. வாயில் அடிக்கடி புண். ராத்திரி படுத்தால் கால்கள் சும்மா இருக்காது. நீட்டினாலும் மடக்கினாலும் உள்ளே ஏதோ இழுப்பது போல இருக்கும், எழுந்து நடந்தால்தான் அடங்கும். கால் விரல்களில் எறும்பு ஊர்வது மாதிரி ஒரு உணர்வு. இதோடு இன்னொன்றையும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பச்சரிசி தின்ன ஆரம்பித்தேன். அரிசி டப்பாவைத் திறந்தால் ஒரு கை அள்ளி மென்றால்தான் மனசு அடங்கும். மகனுடைய பழைய ஜாமெட்ரி பாக்ஸில் கிடந்த சிலேட்டுக் குச்சியையும் ஒருநாள் கடித்தேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயம் என்றே தோன்றவில்லை.

உடம்பில் வந்ததையெல்லாம் தாங்கிவிடலாம். மனசுக்கு வந்ததுதான் என்னை உடைத்தது. நான் கோபக்காரி இல்லை. ஆனால் அந்த நாட்களில் மகன் தண்ணீர் பாட்டிலைப் பள்ளியில் மறந்துவிட்டு வந்தாலே கத்துவேன். கத்திவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். இன்வாய்ஸில் ஒரு தொகையைப் பார்த்து அடுத்த கட்டத்தில் எழுதுவதற்குள் எண் மறந்துவிடும். பதினைந்து வருடமாகக் கணக்கு எழுதுகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய பயம் தெரியுமா? கணவர் வீடியோ காலில் வந்தால் பேச எதுவும் இருக்காது. எதுவுமே பிடிக்காது, எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்று இருக்கும். பாட்டிக்குக் கடைசிக் காலத்தில் புத்தி சரியில்லாமல் போனது, அது எனக்கும் வந்துவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

சுற்றி இருந்தவர்கள் அவரவர்க்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். எதிர்வீட்டு அக்கா, "கண்ணுபட்டிருக்குது சாமி, வெள்ளிக்கெழம சுத்திப் போடு" என்றார். அம்மாவிடம் போனில் அழுதபோது, "மருமவன் மாசாமாசம் அனுப்புதாக, புள்ள நல்லாப் படிக்கான், ஒனக்கு என்னட்டி கொற?" என்று கேட்டாள். அவள் பாசத்தில்தான் கேட்டாள். எனக்கு அது இன்னும் குற்ற உணர்ச்சியைத்தான் தந்தது. ஒரு குறையும் இல்லாதபோது இப்படி இருக்கிறோமே, நாம்தான் மோசம் போல என்று.

இனிப் பணம் போன கதை. முதலில் பக்கத்து மருத்துவரிடம் போனேன். ஹீமோகுளோபின் பார்த்தார்கள், பதினொன்றுக்குக் கொஞ்சம் மேல். "லேசாக் கம்மி, பரவாயில்லை" என்று இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம் சேர்ந்த மாத்திரை தந்தார்கள். அதைக் காலையில் இட்லி, காபியோடு போட்டேன், வயிறு எரிந்தது, நிறுத்திவிட்டேன். வயிற்று எரிச்சலுக்கு என்று பான்டோபிரசோல் எழுதிக் கொடுத்தார்கள். அதைப் பல மாதம் தொடர்ந்தேன், நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. படபடப்புக்கு இசிஜி, எக்கோ. தைராய்டு இரண்டு தடவை. கால் மரமரப்புக்கு ஒரு எலும்பு மருத்துவர், இடுப்பு ஸ்கேன், பிசியோதெரபி. அது மட்டும் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். முடிக்கு பயோட்டின் மாத்திரை, விலை கூடிய எண்ணெய். தெரிந்த ஒருவர் ஆள் சேர்த்து விற்கிற சங்கிலி முறையில் விற்ற ஒரு டப்பா சத்துப் பவுடர், இரண்டு மாதத்துக்கு ஆறாயிரம். லீவு போட்ட நாட்களுக்குச் சம்பளப் பிடித்தம் தனி. எல்லா ரிப்போர்ட்டும் ‘நார்மல்’ என்றே வந்தது. நார்மல் என்று வர வர எனக்குப் பயம் கூடியது, ஏனென்றால் உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது மனசுதானே.

கடைசியில் கணவர்தான் வற்புறுத்திக் கோயம்புத்தூரில் ஒரு மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கினார். பஸ்ஸில் போகும்போது தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு போனேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் குழந்தைப் பருவம், மாமியார் என்று கேட்பார்கள் என்று நினைத்தால், அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "நேத்து காலைல எந்திரிச்சதுல இருந்து வாயில போட்டது எல்லாத்தையும் ஒண்ணுவிடாம சொல்லுங்கம்மா." சொன்னேன். டீ எத்தனை, எப்போது, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து என்று கேட்டார். மாதவிலக்கு எத்தனை நாள், கட்டி கட்டியாகப் போகிறதா என்று கேட்டார். பிறகு மிகச் சாதாரணமாக, "அரிசி, சாம்பல், சாக்பீஸ் ஏதாவது திங்கத் தோணுதா?" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, உலகத்தில் வேறு பெண்களும் அப்படித் தின்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரும்புச்சத்து வற்றிப்போன உடம்பு உணவல்லாத பொருட்களைக் கேட்கும். கர்ப்பிணிகள் திருநீறு தின்பதை ஊரில் மசக்கை என்று சிரித்துவிட்டு விடுகிறோமே, அதிலும் பல நேரம் இதுதான். ராத்திரி கால் இழுப்பதும் இதே குறையில் வருவதுதான்.

அவர் எழுதிக் கொடுத்த பரிசோதனைகள் இரண்டே இரண்டு: உடம்பில் சேர்த்து வைத்திருக்கிற இரும்பைக் காட்டுகிற ஃபெரிட்டின், வைட்டமின் பி12. கூடவே முழு ரத்த எண்ணிக்கையை மறுபடி எடுக்கச் சொன்னார். எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. பி12 நூற்று இருபதுக்கு மேல் ஏதோ ஒரு எண். இருநூறுக்குக் கீழே போனாலே குறைபாடு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஃபெரிட்டின் ஏழு. அது பதினைந்துக்குக் கீழே இருந்தால் இரும்புக் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஹீமோகுளோபின் பத்தரைக்கு இறங்கியிருந்தது.

இவ்வளவு குறை இருந்தும் பழைய ரிப்போர்ட்டுகள் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று நான் கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் எல்லாருக்கும் தெரிய வேண்டியது. ஹீமோகுளோபின் என்பது கையில் புழங்குகிற காசு, ஃபெரிட்டின் என்பது பேங்க் சேமிப்பு. சேமிப்பு முழுக்கக் கரைந்த பிறகுதான் கைக்காசு குறையத் தொடங்கும். அதனால் ஹீமோகுளோபின் லேசாகக் குறைந்திருக்கும்போதே உள்ளே இருப்பு காலியாகியிருக்கலாம். இரண்டாவது, இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுத்துப் போகும், பி12 குறைந்தால் பெருத்துப் போகும். இரண்டும் ஒரே நேரத்தில் குறைந்தால் சராசரி அளவு நடுவில் வந்து நின்று, ரிப்போர்ட்டில் எம்சிவி என்ற இடத்தில் நார்மல் என்று காட்டும். அதே தாளில் ஆர்டிடபிள்யூ என்று ஒன்று இருக்கும், அணுக்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைச் சொல்வது. எனக்கு அது ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் கூடுதலாகத்தான் இருந்திருக்கிறது, பக்கத்தில் தடித்த எழுத்தில் அச்சாகியும் இருந்தது. ஒருவரும் அதைத் தொட்டுப் பேசவில்லை. உங்களிடம் பழைய ரிப்போர்ட் இருந்தால் எடுத்து அந்த வரியைப் பாருங்கள், கூடியிருந்தால் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

சாப்பாட்டுக்கும் கோபத்துக்கும் என்ன சம்பந்தம் என்று என் அம்மா இன்னமும் கேட்கிறாள். இரும்பு ரத்தத்துக்கு ஆக்சிஜன் சுமக்க மட்டும் இல்லை. மூளையில் உற்சாகத்தையும் அமைதியையும் ஒழுங்குபடுத்துகிற டோபமின், செரோடோனின் ஆகியவற்றை உடம்பு தயாரிக்கும்போதும் இரும்பு தேவைப்படுகிறது. பி12 நரம்புகளுக்கு மேல் இருக்கிற உறையைக் காப்பாற்றுகிறது. அது தேய்ந்தால் கால் மரமரப்பு, மறதி, மனச்சோர்வு எல்லாம் வரலாம். இதோடு எனக்கு இன்னொரு சங்கிலியும் ஓடியிருக்கிறது. காலையில் வெறும் இட்லி, பதினொன்றுக்குச் சர்க்கரை டீயும் மைதா பிஸ்கட்டும் என்று போட்டால் ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். இறங்குகிற நேரத்தில் கை நடுக்கம், எரிச்சல், மறுபடி டீ வேண்டும் என்ற தவிப்பு. அசதிக்கு டீ, அந்த டீயால் இரும்பு உள்ளே போகாமல் இன்னும் அசதி, அதற்கு இன்னொரு டீ. டீயில், காபியில் இருக்கிற துவர்ப்புச் சத்து தாவர உணவில் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடல் உறிஞ்ச விடாது. சாப்பிட்ட கையோடு குடித்தால் பாதிப்பு அதிகம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் வெகுவாகக் குறையும். நான் டீயை விடவில்லை. நேரத்தை மட்டும் மாற்றினேன். டீக்கார அண்ணனிடம், "அண்ணா, எனக்கு மூணு மணிக்கு மேல கொண்டு வாங்க" என்று சொன்னேன், இப்போது எங்கள் பிரிவில் பாதிப் பேர் அப்படித்தான் குடிக்கிறார்கள்.

பி12 விஷயத்தில் சைவக்காரர்கள் கொஞ்சம் கண்டிப்பாகவே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. அது செடியில் கிடையாது. கறி, மீன், முட்டை, பால், தயிர் இவற்றில்தான் உண்டு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் தேவை. பெரிய டம்ளர் பால், கால் லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மைக்ரோகிராம் அளவுக்குத் தேறும். நான் நாள் முழுக்கக் குடித்த டீயில் விழுந்த பாலையெல்லாம் கூட்டினாலும் அந்த ஒரு டம்ளர் வராது. பழைய சோற்றில் இருக்கிறது, சுருள்பாசியில் இருக்கிறது என்று சொல்வார்கள், நம்பி இருந்துவிடாதீர்கள். சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத வேறு வடிவம். இந்தச் சத்து எவ்வளவு அவசியம் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1920களில் இப்படி ரத்தம் குன்றிச் சாகக் கிடந்தவர்களை அமெரிக்காவில் தினமும் கால் கிலோ வரை கல்லீரல் தின்ன வைத்துப் பிழைக்க வைத்தார்கள். அதற்காக விப்பிள், மைனாட், மர்ஃபி என்ற மூன்று பேருக்கு 1934இல் நோபல் பரிசு கிடைத்தது. கல்லீரலில் இருந்த அந்தப் பொருள் பி12 என்று கண்டுபிடித்ததே அதற்கெல்லாம் பிறகுதான். நமக்கு இன்று அது மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது.

முதல் மருத்துவர் தந்த மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருந்தன, பி12 இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிற மாத்திரையும் அப்படித்தான். அது நல்ல மாத்திரை, இரும்புக் குறைக்குத் தாராளமாகப் போடலாம். ஆனால் பி12உம் குறைந்திருந்தால், ஃபோலிக் அமிலம் ரத்தத்தின் தோற்றத்தைச் சரிசெய்துவிடும், நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். கால் மரமரப்பு உள்ளவர்கள் இதை மறக்கக் கூடாது. வயிற்று எரிச்சலுக்கான பான்டோபிரசோல் மாதிரி மாத்திரைகளை மாதக்கணக்கில் போட்டாலும் பி12, இரும்பு இரண்டுமே உறிஞ்சப்படுவது குறையும். பயோட்டின் மாத்திரை சில ரத்தப் பரிசோதனை முடிவுகளையே மாற்றிக் காட்டிவிடும், தைராய்டும் அதில் ஒன்று. பரிசோதனைக்குப் போகும் முன் நீங்கள் போடுகிற எல்லாவற்றையும், முடி மாத்திரை உட்பட, சொல்லிவிடுங்கள். பி12 பார்ப்பதற்கு முன்னால் சத்து மாத்திரை போட்டுவிட்டுப் போனாலும் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும்.

எனக்குச் சிகிச்சை பி12 ஊசியில் தொடங்கியது. முதலில் அடுத்தடுத்து, பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று, இப்போது மாத்திரை. இரும்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார். தினமும் போட்டால் உடம்பே கதவை இறுக்கிக்கொள்ளுமாம், இடைவெளி விட்டால் நன்றாக உறிஞ்சுகிறது, வயிறும் அவ்வளவு எரிவதில்லை. வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறோடு போடுவேன், டீ, பால், கால்சியம் மாத்திரை எதுவும் அதன் பக்கத்தில் வராது. மலம் கறுப்பாகப் போகும். அது மாத்திரையின் நிறம், முதல் தடவை பார்த்து நான் நடுங்கிப்போனேன். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் கொய்யாவும் உதவின. அளவும் முறையும் ஆளுக்கு ஆள் மாறும், என்னுடையதைப் பார்த்து நீங்களாகப் போட்டுக்கொள்ள வேண்டாம். இரும்பு தேவைக்கு மேல் போனாலும் கெடுதல்தான், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்த மாத்திரையை எட்டாத இடத்தில் வையுங்கள், குழந்தைகளுக்கு அது விஷம்.

மாற்றம் எந்த வரிசையில் வந்தது என்பதைச் சொல்கிறேன், பாதியில் நம்பிக்கை இழப்பவர்களுக்காக. முதலில் போனது பச்சரிசி ஆசை, இரண்டு மூன்று வாரத்தில் அது இருந்த சுவடே தெரியவில்லை. அடுத்து ராத்திரிக் கால் இழுப்பு. மாடி ஏறுவது இரண்டாம் மாதத்தில் லேசானது. கோபம் மெதுவாகத்தான் குறைந்தது. ஒருநாள் மகன் டிபன் பாக்ஸைத் தொலைத்துவிட்டு வந்து, என் முகத்தைப் பார்த்தபடியே தயங்கித் தயங்கிச் சொன்னான். "சரி, நாளைக்கு வேற வாங்கிக்கலாம்" என்று என் வாயிலிருந்து வந்தது. அவன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான், பிறகு "அம்மா, உங்களுக்கு உடம்பு சரியாயிடுச்சா?" என்று கேட்டான். முடி உதிர்வது நிற்க அரை வருடம் ஆனது. கால் மரமரப்பு இடது பெருவிரலில் இன்னும் மிச்சம் இருக்கிறது, நரம்பு ஆற நாளாகும் என்கிறார்கள், முழுதாகப் போகாமலும் இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்திருந்தால் அதுவும் மிஞ்சியிருக்காது என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப இன்னும் சில மாதம் மாத்திரை வேண்டும், நல்லாகிவிட்டது என்று அங்கே நிறுத்திவிடக் கூடாது.

மனசுக்கான மாத்திரையையும் அந்த மருத்துவர் குறைந்த அளவில் சில மாதம் தந்தார், பிறகு அவரே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். எல்லா மனச்சோர்வும் சாப்பாட்டால் வருவதில்லை. கீரை தின்றால் சரியாகிவிடும் என்று சொல்லி யாருடைய மருந்தையும் நிறுத்த வைத்துவிடாதீர்கள்.

சாப்பாட்டில் நான் மாற்றியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. காலை இட்லியோடு ஒரு கிண்ணம் அவித்த பாசிப்பயறோ கொண்டைக்கடலையோ கட்டாயம், முதல் நாள் ராத்திரி ஊறப்போட்டால் போதும். பதினோரு மணி பிஸ்கட் போய் வேர்க்கடலையும் ஒரு கொய்யாவும் வந்தது, மதியம் வரை கை நடுக்கம் இல்லை. கீரை சமைத்தால் மேலே எலுமிச்சை பிழிவேன். கீரையில் இரும்பு இருந்தாலும் அதில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும், புளிப்புச் சத்து கூட இருந்தால் கூடுதலாகச் சேரும். பெரிய நெல்லிக்காய் கிடைக்கிற காலத்தில் மதியச் சாப்பாட்டோடு ஒன்று. புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு இரண்டும் பரணில் கிடந்த பாட்டியின் இரும்புச் சட்டியில்தான். புளிப்பு பட்டால் சட்டியில் இருந்தே இரும்பு குழம்பில் இறங்கும், செய்தவுடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். ராத்திரி ஒரு டம்ளர் பால், மதியம் ஒரு கிண்ணம் தயிர். எள்ளுப்பொடி தோசைக்கு. பீட்ரூட், மாதுளை பற்றி ஒரு வார்த்தை. ரத்த நிறத்தில் இருப்பதால் ரத்தம் ஊறும் என்று மாதுளைக்கு நான் கொட்டிய காசு கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை சொல்கிறது. நூறு கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை, மாதுளையில் அதைவிடக் குறைவு. நூறு கிராம் காய்ந்த கொண்டைக்கடலையில் ஆறு மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, விலையும் மாதுளையைவிடக் குறைவு. முட்டை சாப்பிடலாமா என்று மருத்துவர் கேட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை, அதனால் மாத்திரை ஆயுளுக்கும் தொடரும் என்று ஒத்துக்கொண்டேன். மகன் சாப்பிடுகிறேன் என்றான், அவனுக்கு வாரத்தில் சில நாள் அவித்துக் கொடுக்கிறேன்.

தேசிய குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில், 15 முதல் 49 வயதுக்குள், 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. இரண்டு பேரில் ஒருவருக்கு மேல். நான் பஸ்ஸில் ஏறினால் இப்போது இந்த எண் ஞாபகம் வருகிறது. வீட்டில் சிடுசிடுப்பவள், சோம்பேறி, அழுமூஞ்சி என்று பெயர் வாங்கியவர்கள் இவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்? ரத்தப்போக்கு அதிகம் என்றால் அதையும் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், எனக்கு ஸ்கேன் பார்த்துக் கட்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்தார்கள். ஆண்களுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்களுக்கோ இரும்பு குறைந்தால் மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது, வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவுக்கும் பரிசோதித்தேன். பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறாள், உள்ளங்கால் எரிச்சலைச் சர்க்கரையின் கணக்கில் எழுதி வைத்திருந்தோம். பி12 இருநூறுக்குக் கீழே. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் போட்டால் பி12 குறையும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான், நாம் கேட்டால்தான் எழுதித் தருகிறார்கள். இப்போது அவளுக்கும் மாத்திரை, எரிச்சல் பாதியாகியிருக்கிறது. அவள் தெருவில் சர்க்கரை மாத்திரை போடுகிற மற்றவர்களிடமும், "எம் மவ சொன்னா, பி பன்னெண்டு பாக்கச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். சீட்டில் எழுதிக் கொண்டுபோய்க் கேளுங்கள்: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், வைட்டமின் பி12. காய்ச்சலோ சளியோ இருக்கும்போது ஃபெரிட்டின் எடுக்காதீர்கள், அப்போது அது கூடிக் காட்டும். உடம்பு தேறிச் சில வாரம் கழித்துப் போனால் சரியான அளவு தெரியும்.